மட்டும் என்ற ஒரு சொல்

பிப்ரவரி நான்காம் தேதி காலை பத்து இருபதுக்கு அந்தக் கடிதம் ஹர்குன் கௌரின் மின்னஞ்சலுக்கு வந்தது. அப்போது அவள் இரண்டு கைபேசிகளையும் ஒரு மேசைத் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு மூன்று லாரிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று கிங்ஸ்டன் பக்கம் பனியில் நின்றுவிட்டது. இன்னொன்று வின்ஸர் எல்லைப் பாலத்தில், சுங்கத் தாளில் ஓர் எண் தவறியதால் ஓரங்கட்டப்பட்டிருந்தது. மூன்றாவது லாரிக்கு ஒரு குறையும் இல்லை. அதை ஓட்டிய நச்சத்தர் சிங்குக்குத்தான் குறை. எல்லோருக்கும் அவர் பாஜி, அதாவது அண்ணன். மாண்ட்ரியாலில் கோஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு, போன குளிர்காலத்தைப் போலவே, திரும்பி வர லோடு எங்கே என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் குரல்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பொண்ணே, இங்க குளிர்ல என் மீசை ஒடிஞ்சு கையோட வந்துரும் போலிருக்கு. லோடு குடுக்கறியா, இல்ல மீசையைப் பார்சல்ல அனுப்பட்டுமா?"

"மீசையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண பாஜி? பதினோரு மணிக்கு லாஷின்ல டயர் லோடு இருக்கு. முகவரி அனுப்பிட்டேன். வாசல்ல வரிசை நிக்கும், பின்கேட்டு வழியா போங்க."

சிரித்துக்கொண்டேதான் மின்னஞ்சலைத் திறந்தாள். நிரந்தரக் குடியுரிமைக்கு ஆகஸ்டில் விண்ணப்பித்திருந்தாள். ஆறு மாதமாக ஒவ்வொரு காலையும் பார்த்து வந்த பெட்டி அது.

கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. அவளுடைய முதலாளி கொடுத்த வேலைச் சான்றிதழில் அவள் செய்த வேலைகள் என்று எழுதியிருப்பது, அரசாங்கம் தொழில்களை வகைப்படுத்தி வெளியிட்டிருக்கும் பட்டியலில் உள்ளதோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறது என்பது முதலாவது. அதே முதலாளி, அதே காலத்துக்கு, அதே பதவியை, அதே வாசகங்களில் இன்னொருவருக்கும் சான்றளித்திருக்கிறார் என்பது இரண்டாவது. ஆகவே அவள் அந்த வேலையை உண்மையில் செய்தாள் என்று நம்புவதற்கில்லை. முப்பது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பொய்த் தகவல் தந்ததற்காக ஐந்து ஆண்டுகளுக்கு இந்த நாட்டுக்குள் வரத் தடையும் விதிக்கப்படலாம்.

மூன்று முறை படித்தாள். நான்காம் முறை படிக்க விடாமல் கிங்ஸ்டன்காரன் கூப்பிட்டான். இழுவை வண்டிக்குச் சொன்னாள், சரக்கு எதிர்பார்த்திருந்த கிடங்குக்குத் தாமதம் என்று எழுதினாள், அவனுடைய அடுத்த லோடைப் பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்தாள். வின்ஸரில் நின்றவனுக்குச் சரியான எண்ணைத் தேடி அனுப்பினாள். அந்த வேலையை நீ செய்யவே இல்லை என்று சொல்லும் கடிதம் திரையின் ஒரு பாதியில் திறந்து கிடக்க, மறு பாதியில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தாள். அது உறைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. காது மடல் இரண்டும் சூடாயின.

பிராம்ப்டனில் லாரிக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பல்கார் சிங்கின் கம்பெனியில் பத்தொன்பது லாரிகள். மோகா மாவட்டத்திலிருந்து படிக்க வந்த ஹர்குன், கல்லூரியில் இருக்கும்போதே அங்கே வாரத்துக்கு இருபது மணி நேரம் போன் எடுக்கச் சேர்ந்தாள். அந்த இரண்டு வருடம் குடியுரிமைக் கணக்கில் வராது. மாணவியாக இருந்துகொண்டு செய்த வேலையை இந்த நாடு வேலையாகவே எண்ணுவதில்லை. படிப்பு முடிந்தபிறகு செய்ததுதான் கணக்கு, அதிலும் மேலான வகை வேலை என்றால்தான். ஓட்டுநர்களுக்கு முகவரி சொல்லும் டிஸ்பாட்சர் வேலை கீழ்வகை, அது கணக்கில்லை. ஓட்டுநர்களுக்கு வேலை பிரித்து, நேரம் வகுத்து, மேற்பார்வை பார்க்கும் சூப்பர்வைசர் வேலை கணக்கு. ஒரே அறை, ஒரே நாற்காலி, இரண்டு பெயர்கள். எந்தப் பெயர் தாளில் ஏறுகிறதோ அதைப் பொறுத்து ஒருத்தி இருக்கலாம் அல்லது போகலாம்.

ஹர்குனுக்குப் பெயரில் பிரச்சினை இருக்கவில்லை. பழைய சூப்பர்வைசர் ஒரு செப்டம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் கால்கரிக்குப் போய்விட, பல்கார் சிங் அவளைக் கூப்பிட்டு, "இனி நீதாம்மா எல்லாம்" என்றார். அன்றிலிருந்து எல்லாம் அவள்தான். ஊர்ப்பள்ளியில் பழகிய வழக்கப்படி ஒரு நீள நோட்டில் சிவப்புக் கோடு போட்டு, தேதி, லாரி எண், யார், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன தகராறு என்று தினமும் எழுதி வந்தாள். இப்போது அது ஆறாவது நோட்டு.

இன்னொருவர் யார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பல்கார் சிங்கின் அக்கா மகன் தேக்பீர் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். காதில் பாட்டு, கணினியில் கார் விளம்பரம். டிசம்பரில் அவனுக்குக் குடியுரிமை வந்தபோது அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார்கள். ஹர்குனும் வாங்கித் தின்றாள். வாழ்த்துச் சொன்னாள். "அடுத்து உனக்குத்தான் அக்கா" என்று அவன் சொன்னதற்கு நன்றி வேறு சொன்னாள். அந்த லட்டு இப்போது தொண்டையில் திரும்பி வருவதுபோல் இருந்தது.

"தேக்பீர்."

அவன் ஒரு காதை மட்டும் விடுவித்தான்.

"உன் அப்ளிகேஷன்ல என்ன வேலைன்னு போட்டிருந்தே?"

"தெரியலக்கா. மாமா லெட்டர் குடுத்தாரு, பன்னு சார் அனுப்பினாரு."

"படிச்சுப் பார்க்கலயா?"

"ரெண்டு பக்கம் இருந்துதுக்கா."

பொய் சொல்லத் தெரியாத பையன். படிக்கத்தான் தெரியாது.

அன்று மதியமே பன்னுவைப் பார்க்கப் போனாள். இனிப்புக் கடைக்கு மேலே அவருடைய குடியேற்ற ஆலோசனை அலுவலகம். அவளுடைய விண்ணப்பத்தை அனுப்பியதும் அவர்தான். படிக்கட்டெல்லாம் நெய் வாசனை. சுவரில் குடியுரிமை வாங்கியவர்களின் படங்கள். பன்னு கடிதத்தைப் படித்துவிட்டு, அது ஏதோ காய்கறி விலைப்பட்டியல் மாதிரி மேசையில் வைத்தார்.

"இப்பல்லாம் ரொம்பக் கெடுபிடியா இருக்காங்க."

"நான் செய்யற வேலை எல்லாத்தையும் நாலு பக்கம் எழுதிக் குடுத்தேனே சார். அது எங்க?"

"அது கதை மாதிரி இருந்துதும்மா. பனி, மீசை, கோஸ்ன்னு. சூப்பர்வைசர் என்ன செய்யணும்னு கவர்மென்டே அழகா எழுதி வச்சிருக்கு. அதைவிட நல்லா நீ எழுதிடுவியா? அதையே எடுத்துப் போட்டேன். ஆபீசர் மனசு குளிரும்னு பார்த்தேன்."

"குளிர்ந்துருச்சு."

"கோபப்படாதே. பத்துல ஒம்பது பேருக்கு இதேதான் போடறேன். போயிட்டுதான் இருக்கு."

"அந்த ஒம்பதுல தேக்பீரும் ஒருத்தனா?"

பன்னு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க முதலாளிதானே கையெழுத்துப் போட்டாரு? நான் போட்டேனா? அவர்கிட்ட புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா. செப்டம்பர்லேருந்து அந்த வேலையை நீ மட்டும்தான் செஞ்சேன்னு எழுதச் சொல்லு. அந்த ஒரு வார்த்தை இருந்தாப் போதும்."

படி இறங்கும்போது அவளுக்குத் தோன்றியது: வேலையே செய்யாதவனுக்கு அந்த வாசகங்கள் பொருந்திவிட்டன. செய்தவளுக்குத்தான் அவை பொய்யாகிவிட்டன.

பல்கார் சிங்கைத் தனியாகப் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் ரொட்டி சுடும் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். யார் வந்தாலும் ஹர்குனைக் காட்டி, "இவ நம்ம வீட்டுப் பொண்ணு" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டு முதல் வருடம் அவளுக்குக் கண் கலங்கியதுண்டு. வீட்டுப் பெண் என்பதால் தீபாவளிக்கு விடுப்பு இல்லை, வைசாகிக்கு இல்லை, காய்ச்சலுக்கும் இல்லை. வீட்டு வேலைக்கு யாராவது விடுப்புக் கேட்பார்களா?

"உக்காரும்மா. டீ குடி."

"வேண்டாம் அங்கிள்ஜி. எனக்கு ஒரு லெட்டர் வேணும். நான் என்ன வேலை செய்யறேன்னு நீங்களே உங்க வார்த்தையில எழுதிக் குடுங்க. முந்தின வருஷம் செப்டம்பர்லேருந்து இந்த வேலையை நான் மட்டும்தான் செய்யறேன்னு கடைசில ஒரு வரி."

"எழுதிட்டாப் போச்சு. அந்தக் கடைசி வரி எதுக்கு?"

"அதைத்தான் கேட்டிருக்காங்க."

அவர் கடிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். இரண்டாவது விஷயத்துக்கு வந்ததும் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நீ மட்டும்னு எழுதினா தேக்பீர் என்ன ஆவான்?"

"அதை அவனுக்கு லெட்டர் குடுக்கறப்போ யோசிச்சிருக்கணும்."

"பாரும்மா, அவன் எங்கக்கா பையன். நீ என் மக மாதிரி. ரெண்டு கண்ணுல எந்தக் கண்ணைக் குத்திக்கச் சொல்றே?"

"நான் வேலை செஞ்சேன் அங்கிள்ஜி. அவன் செய்யல. இதுல கண்ணு எங்க வந்துது?"

"சரி, பேப்பர் இல்லேன்னா என்ன இப்போ? நான் இல்ல? உனக்குப் புதுசா ஒரு பெர்மிட்டுக்கு எழுதறேன். இப்படியே இரு. உன்னை யாரு போகச் சொன்னா? போன தடவை மூணு பொண்ணுங்க, பேப்பர் கைக்கு வந்த மறுவாரமே வேற கம்பெனிக்கு ஓடிருச்சுங்க. நீ அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கு வேலைச் சர்டிபிகேட்?"

ஒரு விஷயத்தை முழுவதுமாகப் புரிந்துகொண்ட பிறகு பேசுவதுதான் ஹர்குனின் பழக்கம்.

"அந்தப் புதுப் பெர்மிட் இந்தக் கம்பெனில மட்டும் வேலை செய்யற பெர்மிட்டா?"

"ஆமா, பின்ன? நான் எழுதறது எனக்குத்தானே."

"அப்போ 'மட்டும்'ங்கற வார்த்தை உங்களுக்கு எழுத வரும்."

பல்கார் சிங்கின் முகம் சிவந்தது. "யார்கிட்ட பேசறேன்னு பார்த்துப் பேசு" என்றார். அவள் டீக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். டீ குடிக்கவில்லை என்பது கதவைச் சாத்தியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை மோகாவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள். "ஏதாச்சும் வந்துதா?"

"வந்துதும்மா. ரெண்டு விவரம் கேட்டிருக்காங்க."

"குடுத்துடு. நீ என்ன திருடியா, மறைக்கறதுக்கு?"

அந்த ஒரு வாக்கியத்தை அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள். ஹர்குன் போனை வைத்துவிட்டு, அடித்தளக் குடியிருப்பின் குளியலறைக்குள் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு கத்தினாள். மேல்வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டினார்கள். வேலை செய்ததற்குச் சாட்சி இல்லை, கத்தினால் மட்டும் சத்தம் கேட்கிறது.

பிறகு உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டாள். மிச்சம் இருபத்தாறு நாள். கையில் இருப்பவை என்று ஒரு பக்கம், இல்லாதவை என்று ஒரு பக்கம். இல்லாதவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பல்கார் சிங்கின் கடிதம்.

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்கு வந்தாள். பத்தொன்பது லாரிகளும் எங்கெங்கே இருக்கின்றன, யாருக்குச் சட்டப்படி இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டப் பாக்கி, எந்தக் கிடங்கில் எந்த வாசல் என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதினாள். யாரும் எல்லையில் சிக்கவில்லை, யாரும் பனியில் நிற்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். எட்டே காலுக்கு அந்தத் தாளையும் இரண்டு கைபேசிகளையும் தேக்பீரின் மேசையில் வைத்தாள். மேசைத் தொலைபேசியின் வயர் நீளமாக இருந்ததால் அதையும் தூக்கி வைத்தாள்.

"என்னக்கா இது?"

"நீதானே சூப்பர்வைசர்? மாமாவே எழுதிக் குடுத்திருக்காரு. எடு."

"அக்கா, விளையாடாதே."

"பதினோரு மணி வரைக்கும் இந்தத் தாள்ல இருக்கு. அதுக்கப்புறம் உன் புத்தி."

ஓட்டுநர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: இன்று எட்டே கால் முதல் உங்களுக்கான எல்லா உத்தரவும் சூப்பர்வைசர் தேக்பீர் சிங்கிடமிருந்து வரும். பிறகு தன் ஆறு நோட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து, எதிரே இருந்த காபிக் கடையின் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து லாரிகள் நிற்கும் யார்டு முழுக்கத் தெரியும்.

பதினோரு மணி வரை ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுதி வைத்த தாள் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றேகாலுக்கு முதல் செய்தி வந்தது. ஒரு மணிக்குள் குழுவில் நாற்பத்தேழு செய்திகள்.

தக்காளி ஏற்றியவனை டயர் கிடங்குக்கு அனுப்பியிருந்தான் தேக்பீர். டயர் ஏற்றியவனை எங்கும் அனுப்பவில்லை. வின்ஸரில் ஒருவன் தாளுக்காகக் காத்து நின்றான். நச்சத்தர் சிங்கின் குரல்செய்திகள் மட்டும் ஒன்பது.

"சூப்பர்வைசர் சார், வணக்கம். நான் மூணாம் நம்பர் வாசல்ல நிக்கறேன். இங்க இருக்கற வெள்ளைக்காரம்மா, மூணாம் நம்பர் வாசல் போன வருஷமே இடிச்சாச்சுன்னு சொல்றாங்க. இடிச்ச வாசல்ல எப்படி சார் சரக்கு இறக்கறது? சொல்லிக் குடுங்க."

அடுத்தது: "சார், எனக்கு ஓட்டற நேரம் முடிஞ்சுபோச்சு. இன்னும் ஓட்டினா லைசென்ஸ் போயிரும். நீங்க 'கொஞ்ச தூரம்தானே பாஜி, ஓட்டுங்க'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கொஞ்ச தூரம் முந்நூறு கிலோமீட்டர் சார். உங்க வீட்டுல கொஞ்சம்னா எவ்வளவு ஊத்துவாங்க?"

அதற்கு அடுத்தது: "அந்தப் பொண்ணு எங்கடா? பொண்ணைக் கூப்பிடு. உன்கிட்ட பேசினா எனக்கு ரத்தக்கொதிப்பு வருது."

இந்தச் செய்திகளை ஹர்குன் ஒன்றுவிடாமல் சேமித்தாள். நேரத்தை நோட்டில் குறித்தாள். சிரிப்பு வரவில்லை. பதினேழு மாதம் இந்த வசவுகளையெல்லாம் அவள்தான் வாங்கினாள். கெட்ட வார்த்தை உட்பட எல்லாம் அவளுடைய வேலையின் பகுதி. அரசாங்கப் பட்டியலில் அது இல்லை.

ஒன்று நாற்பதுக்குப் பல்கார் சிங் சாலையைக் கடந்து வந்தார். தலைப்பாகையில் பனி. எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"போதும்மா. வா. மூணு கஸ்டமர் போன்ல கத்தறான்."

"லெட்டர்?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஹர்குன் விரித்துப் பார்த்தாள். அதே பழைய சான்றிதழ். அதே அரசாங்க வாசகங்கள். தேதி மட்டும் புதிது.

"இதைத்தானே அங்கிள்ஜி காப்பின்னு திருப்பி அனுப்பியிருக்காங்க?"

"வேற என்ன எழுதறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க கம்பெனில நான் என்ன வேலை செய்யறேன்னு உங்களுக்கே தெரியாதா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எழுதுங்க. நான் சொல்றேன். பத்தொம்பது டிரைவருக்குத் தினம் வேலை பிரிக்கறா. எழுதுங்க. யாருக்கு எத்தனை மணி பாக்கின்னு கணக்கு வச்சு, நேரம் முடிஞ்சவனை நிறுத்தறா. புது டிரைவருக்கு எல்லைத் தாள் எப்படின்னு சொல்லித் தர்றா. லேட்டானா கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கறா. லேட் பண்ணினவனை அவ திட்டறா. அதையும் எழுதுங்க."

பல்கார் சிங் தாளைத் திருப்பி, பின்பக்க வெள்ளையில், தன் கைப்பட எழுதினார். நாற்பது வருடம் முன்பு லாரி ஓட்டி வந்த கை அது. எழுத்து கோணலாக, எழுத்துப் பிழையோடு, ஆனால் அவருடைய எழுத்தாக இருந்தது. யாரும் அதைக் காப்பி என்று சொல்ல முடியாது. அவள் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஏதோ மாறியது. "இதெல்லாம் நீயா பண்றே?" என்று ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"கடைசி வரி. செப்டம்பர்லேருந்து இந்த வேலையைச் செஞ்சது இவ மட்டும்."

பேனா நின்றது.

"அந்த ஒரு வார்த்தையை விட்டுடும்மா. மிச்சம் எல்லாம் எழுதிட்டேன் பாரு."

"மிச்சம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்."

"அவனுக்கு வந்த பேப்பரைப் பிடுங்கிருவாங்க. எங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"எங்கம்மா மூஞ்சில நான் பொய் சொன்னவளா முழிக்கணுமா? அஞ்சு வருஷம்?"

யார்டில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பல்கார் சிங் ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பேனாவின் முனையைத் தாளில் வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. பிறகு பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உன்னை மகளா நினைச்சேன்" என்றார் எழுந்துகொண்டே.

"மகளா நினைச்சீங்க. அக்கா மகனை மனுஷனா நினைச்சீங்க. என்னையும் ஒரு மனுஷியா நினைச்சிருந்தாப் போதும். ஒரு லெட்டர் வந்திருக்கும்."

அவர் சாலையைக் கடந்து போனார். அவள் அந்த அலுவலகத்துக்குள் அப்புறம் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஹர்குன் பத்தொன்பது ஓட்டுநர்களுக்கும் தனித்தனியாக ஒரே கேள்வியை அனுப்பினாள்: சென்ற செப்டம்பருக்கு முந்திய செப்டம்பர் முதல் இன்றுவரை உங்களுக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுத்தது யார்? உங்களுக்குத் தெரிந்த மொழியில், உங்கள் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? முடியாவிட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

பன்னிரண்டு பேர் எழுதவில்லை. அவர்களில் ஒன்பது பேருடைய பெர்மிட் பல்கார் சிங் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவன் மட்டும் கூப்பிட்டு, "அக்கா, எனக்கும் அடுத்த மாசம் அவர்கிட்ட லெட்டர் வாங்கணும், மன்னிச்சுரு" என்று அழுதான். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனை அழ வைத்தவர்கள்மேல் வந்தது. ஏழு பேர் எழுதினார்கள்.

நச்சத்தர் சிங் ஞாயிற்றுக்கிழமை குருத்வாரா வாகன நிறுத்தத்தில் வைத்து, சரக்குச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிய மூன்று தாள்களைக் கொடுத்தார்.

"உள்ள போயி அவர் கண்ணு முன்னாடியே குடுத்திருப்பேன். ரொட்டி சுட்டுக்கிட்டிருக்காரு, சாப்பாட்டு நேரத்துல எதுக்குன்னு விட்டேன்."

"உங்க வேலை போயிருமே பாஜி."

"நான் இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு பொண்ணே. என்னை எவனும் எங்கயும் அனுப்ப முடியாது. கோபப்பட வசதி இருக்கறவன்தானே கோபப்படணும்? மத்தவங்க பாவம், கோபத்தை மடிச்சுப் பையில வச்சிருக்காங்க."

மார்ச் மூன்றாம் தேதி, இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, ஹர்குன் எல்லாவற்றையும் அடுக்கினாள். ஆறு நோட்டுகளின் நகல். பதினெட்டாம் தேதியின் நாற்பத்தேழு செய்திகள், நேரத்தோடு. ஏழு ஓட்டுநர்களின் கடிதங்கள். பன்னு தூக்கிப் போட்ட அவளுடைய நாலு பக்கம். பனியும் மீசையும் கோஸும் அப்படியே இருந்தன. மேலே ஒரு கடிதம் எழுதினாள். முதல் சான்றிதழின் வாசகங்கள் என்னுடையவை அல்ல, அவற்றைப் படித்துப் பார்க்காமல் சமர்ப்பித்தது என் தவறு. அதே பதவி இன்னொருவருக்கு ஏன் தரப்பட்டது என்பதைத் தந்தவரிடம்தான் கேட்க வேண்டும். நான் செய்த வேலை இதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. தேக்பீரின் பெயரை எழுதவில்லை. அது அதிகாரிகளுக்கே தெரியும். மறைக்கவும் இல்லை.

நச்சத்தர் சிங்கின் கடிதம் பஞ்சாபியில், குர்முகி எழுத்தில் இருந்ததால் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை வைத்துத் தர ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் போனாள். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடி வழியாக வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இவர் என்ன இப்படி எழுதியிருக்காரு? 'இந்த வேலையைச் செஞ்சது ஹர்குன் கௌர் மட்டும். பனியில எங்களைப் பார்த்துக்கிட்டது அவ மட்டும். மட்டும்னா மட்டும்தான்.' ஒரே வார்த்தை நாலு தடவை வருது. கடிதத்துல இப்படிப் போடமாட்டாங்க. ஒண்ணு வச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்துரட்டுமா? படிக்க நல்லா இருக்கும்."

"வேண்டாம்" என்றாள் ஹர்குன். "நாலும் இருக்கட்டும்."